அப்புவின் கிணற்றடி



கோடை முடிந்து மாரி மழை தொடங்குவதற்கு முன்னர் கிணற்றை இறைத்துச் சேறு அள்ளுவது எங்கள் பகுதி வழக்கம். இம்முறை அப்படி அள்ளியபோது, சேற்றோடு சேர்ந்து ஓர் இரும்பு வளையமும் மேலே வந்தது. கறள் பிடித்துக் கறுத்துப்போய் இருந்தது. வேலைக்கு வந்த தம்பி அதை வேலிப் பக்கம் எறியப் போனார்.

"தம்பி, எறியாதேங்கோ. அதை இங்க தாங்கோ" என்று வாங்கிக் கழுவிப் பார்த்தேன். துலாக்கொடியில் பட்டையை மாட்டுகின்ற வளையம் அது. என் அப்புவின் கை பட்டுத் தேய்ந்த வளையம்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அப்பு இறந்து இருபது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. அவரைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் இதுவரை எழுதவில்லையே என்று அப்போதுதான் நினைத்தேன். பெண்களுக்கான பக்கத்தில் ஓர் ஆம்பிளையைப் பற்றி ஏன் எழுதவேண்டும் என்று சில சகோதரிகள் கேட்கக்கூடும். வாசித்து முடித்த பிறகு நீங்களே பதில் சொல்லுங்கள்.

அப்பு என்று நான் சொல்வது என் அம்மாவின் தகப்பனாரை. 1917ஆம் ஆண்டு பிறந்தவர். வலிகாமம் கிழக்கில், நிலாவரைக் கிணறு இருக்கின்ற புத்தூருக்குக் கிட்டிய ஒரு செம்மண் ஊர்தான் எங்களுடையது. அப்பு மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. பத்து வயதிலேயே மண்வெட்டி பிடித்தவர். 1941இல் ஆச்சியைக் கலியாணம் செய்தபோது ஆச்சிக்குச் சீதனமாகக் கிடைத்தது ஆறு பரப்புத் தோட்டக் காணியும், நாலு பங்குக் கிணற்றில் ஒரு பங்கும். பதினாறு பரப்புச் சேர்ந்தால்தான் ஓர் ஏக்கர். அந்த ஆறு பரப்பை நம்பித்தான் மூன்று பிள்ளைகளை வளர்த்தார். எனக்கு நாலு வயதாக இருந்தபோது அப்பா நோயில் இறந்துவிட்டார். அம்மாவும் நானும் அப்புவின் வீட்டுக்கே திரும்பி வந்தோம். அதன் பிறகு எனக்குத் தகப்பனும் அவரேதான்.

அறுபது வருடங்கள் அந்தக் காணியில் பாடுபட்டும் "என்ர காணி" என்று அப்பு ஒரு நாளும் சொன்னதில்லை. யாராவது கேட்டால் "அது பெண்சாதியின்ர காணி, நான் கமம் செய்யிறன்" என்பார். சிறுபிள்ளையாக இருந்தபோது இது எனக்குப் பெரிய விசயமாகத் தெரியவில்லை. காணி உறுதி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கச்சேரிக்கும் நீதிமன்றத்துக்கும் அலைந்த பிறகுதான் அந்தச் சொல்லின் பெறுமதி விளங்கியது.

துலாவைக் காணாத இளம் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு கிடையாது. மாரியில் மட்டும் ஓடுகின்ற வழுக்கியாறு ஒன்றுதான் உண்டு. பெய்கின்ற மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தேங்குகிறது. அதைத்தான் கிணறு வெட்டி எடுக்கிறோம். இயந்திரம் வருமுன்னர் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தது துலாவினால். ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார். ஒருவர் கிணற்றுக் கட்டில் நின்று பட்டையைச் சரித்து வாய்க்காலில் ஊற்றுவார். இன்னொருவர் தோட்டத்துக்குள் நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். அப்புவின் தம்பியார் மிதிக்க, அப்பு பட்டை பிடிப்பாராம். விடிவெள்ளி காலிக்கமுன் தொடங்கினால் வெயில் ஏறும்வரை இறைப்பு நடக்கும். பிறகுதான் பழஞ்சோறும் பச்சை மிளகாயும் வெங்காயமும்.

எனக்கு நினைவு தெரிந்த காலத்தில் எங்கள் வீட்டில் இறைப்பு மிசின் வந்துவிட்டது. 1970இல் இருந்து 1977வரை அரசாங்கம் வெளிநாட்டு வெங்காயம், மிளகாய் இறக்குமதியைக் கட்டுப்படுத்தி வைத்திருந்த காலம் அது. எங்கள் பகுதிக் கமக்காரரின் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை கிடைத்தது. அப்பு 1971இல் மிசின் வாங்கினார். இரண்டு வருடம் கழித்து ஓலை வீட்டை ஓட்டு வீடாக்கினார். மாமாவைப் பல்கலைக்கழகம்வரை படிப்பித்தார். "எல்லாம் வெங்காயம் தந்தது" என்பார்.

மிசின் வந்த பிறகும் பழைய துலாவை அவர் விற்கவில்லை. கொட்டிலின் பின்புறம் சாத்தி வைத்திருந்தார். விறகுக்குத் தட்டுப்பாடு வரும்போதெல்லாம் ஆச்சி அதைக் கேட்பார். "அது கிடக்கட்டும். மிசின் சோறு போடாமல் எண்ணெய் கேக்கும். துலா எங்களிட்டை ஒண்டும் கேளாது" என்பது அப்புவின் பதில். நாங்கள் சிரிப்போம்.

1977இன் பின்னர் இறக்குமதி திறந்துவிடப்பட்டது. வெங்காய விலை விழுந்தது. ஒரு போகம், பிடி பிடியாகக் கட்டித் தூக்கிய வெங்காயம் கொட்டிலிலேயே முளைத்து அழுகியதை நான் பார்த்தேன். அப்பு ஒரு வார்த்தை பேசவில்லை. அழுகியதைக் கடகத்தில் அள்ளிப் பசளைக் கிடங்கில் கொட்டினார். அடுத்த கிழமை புகையிலைக்கும் வாழைக்கும் குழை தாழ்க்கத் தொடங்கினார். பூவரசங் குழையும் கிளிசறியாவும் வெட்டிச் சயிக்கிளில் கட்டிக்கொண்டு வருவது இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

சகோதரிகளே, இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். 1979இல் எனக்குப் பாடசாலையில் ஒரு பரிசு கிடைத்தது. பரிசளிப்பு விழாவுக்கு அம்மாவுக்கு வர முடியவில்லை. அப்பு வந்தார். வெள்ளை வேட்டியும் சால்வையும் உடுத்துத்தான் வந்தார். ஆனால் கால் இரண்டும் முழங்கால்வரை செம்மண் நிறம். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் போகாத நிறம் அது. கூடப் படித்த பிள்ளைகளின் தகப்பன்மார் சப்பாத்தோடு முன்வரிசையில் இருந்தார்கள். அப்பு வாசலில் நின்று என்னைத் தேடினார். நான் பார்த்தும் பாராததுபோல மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது அவர் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "பரிசுப் புத்தகத்தைக் காட்டு பிள்ளை" என்று மட்டும் கேட்டார். அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் என் முகம் சுடும்.

1990 ஜூன் மாதம் யுத்தம் மறுபடி தொடங்கியது. யாழ்தேவி நின்றது. மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் குதிரைக் கொம்பானது. ஜாம் போத்தலில் சொட்டு எண்ணெய் விட்டுத் திரி கொளுத்தி நாங்கள் வாழ்ந்த காலத்தை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். எண்ணெயில்லாமல் மிசின்கள் மூலைக்குப் போயின. அப்போதுதான் அப்பு கொட்டிலின் பின்புறம் போனார். 73 வயதில் துலாவை இறக்கி, ஆடுகால் நட்டு, கிணற்றடியில் மறுபடி பூட்டினார். அயலவர்களும் வந்து கை கொடுத்தார்கள். சிரித்த நாங்கள் அந்தத் துலாத் தண்ணீரில் விளைந்ததைத்தான் ஐந்து வருடம் சாப்பிட்டோம்.

1991இல் எனக்குக் கலியாணம் நடந்தது. ஆச்சி தன் சீதனக் காணியை என் பெயருக்கு எழுதித் தந்தார். கணவன் என்ற முறையில் சம்மதக் கையொப்பம் இட்டவர் அப்பு. 1993இல் மகள் பிறந்தாள்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு. வலிகாமத்தில் இருந்து எல்லோரும் வெளியேறிய அந்த இரவைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. மழை கொட்டியது. செம்மணி வெளியிலும் நாவற்குழிப் பாலத்திலும் அடி வைக்க இடமில்லை. சில மணித்தியாலத்தில் நடந்து முடிக்கும் தூரத்துக்கு விடியும்வரை நடந்தோம். என் கணவர் மகளைத் தோளில் வைத்திருந்தார். நான் ஆச்சியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அம்மாவின் தலையில் உடுப்பு மூட்டை. அப்பு சயிக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதில் இரண்டு சாக்குக் கட்டியிருந்தது. அரிசி என்று நினைத்தோம். மீசாலையில் ஒரு பாடசாலைத் தாழ்வாரத்தில் போய் இறங்கிச் சாக்கை அவிழ்த்தபோது உள்ளே இருந்தது விதை வெங்காயம்!

ஆச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "குழந்தைக்குப் போர்க்க ஒரு துணியில்லை. இந்த மனுசன் வெங்காயம் கொண்டு வந்திருக்கு" என்று அழுதார். அப்பு நனைந்த பிடிகளைத் தாழ்வாரக் கம்பியில் ஒவ்வொன்றாகக் கட்டித் தொங்கவிட்டார். பிறகு சேட்டைத் தூக்கி, இடுப்பில் பொலித்தீனில் சுற்றிக் கட்டியிருந்ததை அவிழ்த்து என்னிடம் தந்தார். காணி உறுதி. "இந்த ரண்டும் இருந்தால் திரும்பிப் போகலாம்" என்றார்.

தைமாதம், ஒரு நல்ல மனிதர் தன் தென்னங்காணிக்குள் நாலு பாத்தி போட இடம் கொடுத்தார். தென்மராட்சி மண் எங்கள் செம்மண் போல இல்லை, மணல். தண்ணீர் நிற்காது. அப்பு காவோலையையும் குப்பையையும் தாழ்த்து, காலையும் மாலையும் வாளியால் தண்ணீர் ஊற்றினார். சின்னச் சின்ன வெங்காயமாகத்தான் வந்தது. அதிலே ஒன்றைக்கூடக் கறிக்கு எடுக்க விடவில்லை. எல்லாவற்றையும் பிடி கட்டினார். 1996 சித்திரை கடைசியில் ஊருக்குத் திரும்பியபோது அந்தப் பிடிகளும் எங்களோடு திரும்பி வந்தன.

வீட்டில் ஓடில்லை, வளையில்லை. மிசினைக் காணவில்லை. பனைகள் தறிக்கப்பட்டிருந்தன. துலாவும் ஆடுகாலும் ஏதோ ஒரு பங்கருக்கு மேலே போயிருந்தன. அப்பு கிணற்றுக் கட்டில் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு எழும்பி, வேலியில் எஞ்சி நின்ற பூவரசில் கவர் வெட்டினார். ஒரு சின்னத் துலா, ஒருவர் நிலத்தில் நின்றபடி இழுக்கக்கூடியது, பத்து நாளில் தயாரானது. வைகாசி முடிவில் மூன்று பரப்பில் வெங்காயம் நட்டோம்.

ஆடி மாதம் ஒரு நாள் காலை, என் கணவர் சயிக்கிளில் ரவுனுக்குப் போனார். மத்தியானம் வருவதாகச் சொன்னவர் வரவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அதன் பிறகும் வரவில்லை. 1996இல் யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வீடுகளில் நடந்தது எங்கள் வீட்டிலும் நடந்தது. தேடாத இடமில்லை, கொடுக்காத மனு இல்லை. இதை வாசிக்கின்ற பலருக்கு நான் இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

ஒரு கிழமை கழிந்தது. நான் குசினி மூலையில் சுருண்டு கிடந்தேன். மகளுக்குச் சாப்பாடு கொடுத்தது ஆச்சிதான். எட்டாம் நாள் விடியப்புறம் அப்பு வந்து என் தலைமாட்டில் இருந்தார்.

"பிள்ளை, எழும்பு. வெங்காயம் ஒரு மாதப் பயிர். நாலு நாளாய்த் தண்ணி காணேல்லை. எனக்குத் துலா இழுக்கக் காணும். தண்ணி மாற ஆள் வேணும்."

"அப்பு, கூலிக்கு ஆளைப் பிடியுங்கோ."

"கூலி குடுக்க என்ன கிடக்கு? நீ வா."

"நான் பொம்பிளை அப்பு. தண்ணி மாறினால் சனம் சிரிக்கும்."

எங்கள் ஊரில் பெண்கள் நடுவார்கள், களை பிடுங்குவார்கள், கிண்டுவார்கள், பிடி கட்டுவார்கள். மண்வெட்டி பிடித்துத் தண்ணீர் மாறுவது மட்டும் ஆம்பிளை வேலை. அப்படித்தான் இருந்தது.

அப்பு சொன்னார்: "சிரிக்கிற சனம் பின்னேரம் வந்து உன்ர உலையில அரிசி போடுமோ? இன்னொண்டு சொல்லுறன் கேள். 43ஆம் ஆண்டு நான் குலைப்பன் காய்ச்சலில கிடந்தனான். தம்பி துலா இழுக்க, தண்ணி மாறினது ஆர் தெரியுமோ? உன்ர ஆச்சி. நிலவில போய் மாறிப்போட்டு விடியமுன் வந்து படுத்திடுவா. ஊரில ஒருத்தருக்கும் தெரியாது."

நான் ஆச்சியைப் பார்த்தேன். ஆச்சி மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். "ஏன், இப்ப அதையும் சொல்லவேணுமே" என்றார். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு.

நான் எழும்பினேன். அன்றைக்கு வாய்க்கால் இரண்டு இடத்தில் உடைத்துக்கொண்டு ஓடியது. பாத்தி நிரம்பி வெங்காயம் சாய்ந்தது. அப்பு ஏசவில்லை. "தண்ணி வரமுன்னம் மண்ணை வெட்டாதை. தண்ணி வந்து பாத்தியில முக்கால்வாசி போன உடனை மறி. மிச்சம் தானாய்ப் போகும்" என்று காட்டித் தந்தார். ஒரு மாதத்தில் பழகிவிட்டேன். அழுவதற்கு நேரமில்லாமல் போனது என்று சொல்லமாட்டேன். பாத்தியில் நின்றும் அழுதேன். ஆனால் பயிருக்குத் தண்ணீர் போனது.

அப்பு சொல்லித் தந்தவற்றில் இன்றைக்கும் நான் கைவிடாத ஒன்று உண்டு. "கிணத்தை அடிமட்டும் இறைக்காதை. கிணறும் மூச்சு விடவேணும்" என்பார். அதன் காரணத்தைப் பின்னாளில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் விளக்கினார். எங்கள் குடாநாட்டில் நல்ல தண்ணீர், கடலின் உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்துகொண்டிருக்கிறது. மிசினை வைத்து மிஞ்சி இறைத்தால் கீழேயிருந்து உப்பு மேலே ஏறிவிடும். ஏறிய உப்பு இலகுவில் இறங்காது. மூன்றாம் வகுப்புப் படித்தவர் இதைக் கைப்பழக்கத்தில் அறிந்து வைத்திருந்தார்.

சனம் சிரித்ததா என்று கேட்பீர்கள். சிலர் சிரித்தார்கள். கிணற்றுப் பங்காளி ஒருவர் சிரித்ததோடு நிற்கவில்லை. என் இறைப்பு முறை நாளிலும் தான் இறைக்கத் தொடங்கினார். கேட்டபோது "ஆம்பிளை இல்லாத வீட்டுக்கு முறை எதுக்கு?" என்றார். அப்பு சண்டைக்குப் போகவில்லை. உறுதியை எடுத்துக்கொண்டு, ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரை மரத்தடிக்குக் கூப்பிட்டார். கடைசிப் பக்கத்தை வாசிக்கச் சொன்னார். 'கிணற்றில் நாலில் ஒரு பங்கும் வழி வாய்க்கால் உரித்தும்' என் பெயருக்கு எழுதப்பட்டிருந்தது. அப்பு எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். ஆனால் அந்த வரி அவருக்கு மனப்பாடம். "இதில ஆம்பிளை, பொம்பிளை எண்டு எழுதியிருக்கோ பாருங்கோ" என்று மட்டும் கேட்டார். அடுத்த முறை நாளில் நான் இறைத்தேன்.

எங்கள் வீட்டுக்கு வந்த உறவினர் சிலர், ஒரு வருடம் கழிந்ததும் என் பொட்டைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள். அப்பு திண்ணையில் இருந்தபடியே சொன்னார்: "எங்களுக்குத் தெரியாத ஒண்டுக்கு நாங்கள் ஏன் முடிவு சொல்லவேணும்? பிள்ளை, நீ பொட்டை வை." அதன் பிறகு எங்கள் வீட்டில் அந்தக் கதையை யாரும் எடுக்கவில்லை.

ஆச்சி 1998இல் இறந்தார். அப்பு 2003ஆம் ஆண்டு தைமாதம் படுக்கையில் விழுந்தார். வயது 86 நடந்துகொண்டிருந்தது. சமாதான காலம், பாதை திறந்திருந்தது. மாமா கொழும்பில் இருந்து வந்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோகக் கேட்டார். அப்பு மறுத்துவிட்டார். ஒரு நாள் மாலை என்னைக் கூப்பிட்டு, "தண்ணி மாறியாச்சோ?" என்று கேட்டார். அன்றைக்கு அவருக்குப் பக்கத்தில் இருந்ததால் நான் தோட்டப் பக்கமே போகவில்லை. "ஓம் அப்பு" என்று பொய் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அம்மாவை அவருக்குப் பக்கத்தில் இருத்திவிட்டு, நிலவு வெளிச்சத்தில் போய் இறைத்துத் தண்ணீர் மாறிவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது அப்பு விழித்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்தார். முழங்கால்வரை செம்மண் சேறு. பார்த்துவிட்டுச் சிரித்தார். பரிசளிப்பு விழாவில் நான் முகம் திருப்பிய அதே நிறம் என் காலிலே. அவர் அதை நினைத்தாரோ இல்லையோ, நான் நினைத்தேன். காலைக் கழுவாமலே அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். மூன்றாம் நாள் அப்பு போய்விட்டார்.

கதை இத்தோடு முடியவில்லை. 2006 ஓகஸ்ற் மாதம் ஏ-9 பாதை பூட்டப்பட்டது. விளைந்ததை வெளியே அனுப்ப முடியாமல் நட்டப்பட்டோம். யுத்தம் முடிந்த பிறகு, 2011இல், கிணற்றுக் கட்டு ஒரு பக்கம் இடிந்து விழுந்தது. கட்டவும் மிசின் வாங்கவும் கடன் கேட்டுப் போனேன். காணியை ஈடு வைக்க வேண்டும் என்றார்கள். உறுதி என் பெயரில் இருந்தது. ஆனாலும் "கணவரின் கையொப்பம் வேணும்" என்றார்கள்.

ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் எழுதித் தொகுக்கப்பட்ட தேசவழமைதான் வடபகுதித் தமிழர்களின் சொத்துச் சட்டம். அதைத் திருத்தி வந்த 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, திருமணமான பெண் தன் பெயரில் உள்ள காணியையும் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் விற்கவோ ஈடு வைக்கவோ நன்கொடை எழுதவோ முடியாது. ஆச்சி எழுதியபோது அப்பு கையொப்பம் இட்டது அதனால்தான். எனக்குக் கையொப்பம் இட ஆள் எங்கே?

ஓர் அலுவலகத்தில் எனக்கு ஒரு வழி சொன்னார்கள். 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி, காணாமற் போனவருக்கு மரணப் பதிவு எடுக்கலாம், எடுத்தால் பிரச்சினை தீர்ந்தது என்றார்கள். படிவத்தையும் தந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். அப்போது மகளுக்குப் பதினெட்டு வயது. அவள் படிவத்தையும் என்னையும் பார்த்தாள். எதுவும் பேசவில்லை. "தெரியாத ஒண்டுக்கு நாங்கள் ஏன் முடிவு சொல்லவேணும்?" என்ற குரல் திண்ணையில் இருந்து கேட்பது போல இருந்தது. படிவத்தை மடித்து வைத்துவிட்டேன்.

மரணச் சான்றிதழ் எடுத்த சகோதரிகளை நான் குறை சொல்வதாக நினைக்கவேண்டாம். பிள்ளைகளின் பசியும் படிப்பும் முன்னால் நிற்கும்போது அவரவர் எடுத்த முடிவு அவரவருக்குச் சரி. எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

பிறகு ஒரு சட்டத்தரணி அம்மா வழி காட்டினார். அதே 1911ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, கணவன் இருக்கும் இடம் தெரியாவிட்டால், அல்லது அவன் கைவிட்டுப் போயிருந்தால், மாவட்ட நீதிமன்றத்துக்கு விண்ணப்பித்து, அவனது சம்மதம் இல்லாமலே காரியம் செய்ய அனுமதி பெறலாம் என்று இருக்கிறது. அவர் இறந்தார் என்று நான் எங்கேயும் எழுதத் தேவையிருக்கவில்லை. 'இருக்கும் இடம் தெரியாது' என்று எழுதினேன். அது உண்மை. 2012இல் அனுமதி கிடைத்தது. கிணறு கட்டினேன். கடனையும் கட்டி முடித்தேன்.

சகோதரிகளே, இதிலிருந்து உங்களுக்குப் பயன்படக்கூடிய சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

உங்கள் காணி உறுதியை எடுத்து ஒருமுறை முழுவதும் வாசியுங்கள். கிணற்றுப் பங்கு, வழி வாய்க்கால், பாதை உரித்து என்பவை எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இடம்பெயர்வில் உறுதி தொலைந்திருந்தால், அது பதியப்பட்ட காணிப் பதிவகத்தில் பிரதி பெற முயற்சி செய்யுங்கள். தேசவழமைக்கு உட்பட்டவர்களும், உயிலாக எழுதுவதற்குக் கணவனின் சம்மதம் தேவையில்லை. மட்டக்களப்பிலும் மலையகத்திலும் உள்ள சகோதரிகளுக்குப் பொதுச் சட்டமே பொருந்தும். அங்கே உங்கள் காணிக்கு உங்கள் கையொப்பமே போதும். 2016இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, காணாமற் போனமைக்கான சான்றிதழ் பெறவும் வழியிருக்கிறது. காசு கொடுத்துச் சட்டத்தரணி வைக்க இயலாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் ஆலோசனை கேளுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள்.

இன்னொன்று. உங்கள் வீட்டிலும் ஓர் அப்பு, ஓர் ஆச்சி இருந்திருப்பார்கள். அவர்கள் விட்டுப்போனது காணியும் நகையும் மட்டுமல்ல. எப்போது விதைப்பது, எதை மறிப்பது, எவ்வளவு இறைப்பது என்ற அறிவும் அவர்கள் விட்டுப்போனதுதான். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஆச்சி நிலவில் தண்ணீர் மாறிய கதையை அப்பு அன்றைக்குச் சொல்லாமல் விட்டிருந்தால், நான் குசினி மூலையில் இருந்து எழும்பியிருப்பேனோ தெரியாது.

மகள் இப்போது ஆசிரியையாக இருக்கிறாள். பாடசாலை விட்டு வந்து உடுப்பு மாற்றியதும், முறை நாளில் தண்ணீர் மாற வருகிறாள். அந்த இரும்பு வளையத்தைக் கறள் போக உரஞ்சி, எண்ணெய் பூசி, கிணற்றடித் தூணில் ஆணியடித்துத் தொங்கவிட்டவளும் அவள்தான். இந்த முறைக்கு விதை வெங்காயப் பிடிகளையும் அதற்குப் பக்கத்தில் கட்டியிருக்கிறோம். மீசாலையில் இருந்து திரும்பி வந்த அதே வழி விதை.

மழை தொடங்கிவிட்டது. தையில் நடவேண்டும்.

அடுத்த மாதம் சந்திப்போம்.